மூன்று விரல் பிடி

பஸ்னேத் வீட்டு மருமகள் தேவ்கி, இலையில் சுற்றிய மாவு உருண்டையைப் பட்டறை வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். தசைன் திருவிழாவின் நவமிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மழை விட்டும் விடாத காலம். அருண் ஆற்றுப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து சோளக்காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, போகவா இருக்கவா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பாத்துச் செய்யி சுக்மாயா. பகவதி கோயில் கோட்டையில கெடா வெட்டுற குக்ரி. அலகு எங்க மாமனார் வெட்டுனதேதான். பிடி மட்டும் எங்க வீட்டுக்காரர் கைக்குப் புதுசா வேணும்."

"நான் என்னிக்குத் தாயி பாக்காமச் செஞ்சேன்? சின்ன எசமான் வரலியா? மலேசியாவுல இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு, இந்தப் பக்கம் தல காட்டலையே."

"கையில சூடு பட்டிருக்குன்னு தெரியாதா உனக்கு? துணி சுத்தியிருக்கார். அதான் நான் வந்தேன்." தேவ்கி திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

சூடு பட்ட கையால் மாவைப் பிடித்துக் கொடுத்தாரா? சுக்மாயாவுக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனாலும் வேறொரு பிடிக்கான எருமைக் கொம்பு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. நேரத்தில் எடுக்காவிட்டால் விரிசல் விட்டுவிடும். அதை முதலில் கவனித்தாள்.

அந்த ஊரில் காமிகள், அதாவது கொல்லர் சாதிக்காரர்கள், பெரிய வீட்டுக்காரர்களின் கையைத் தொடக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் காட்மாண்டுவில். குக்ரி என்கிற அந்த வளைந்த வெட்டுக்கத்தியின் பிடியோ கைக்குக் கை மாறுவது. அளவு எடுக்காமல் எப்படிச் செய்வது? அதற்காக சுக்மாயாவின் புகுந்த வீட்டில் முன்னோர் கண்டுபிடித்த வழி இது. கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, குக்ரியைப் பிடிப்பது போலவே இறுக்கிப் பிடித்து, அப்படியே விட்டுவிட வேண்டும். எந்த விரல் எவ்வளவு ஆழம் அழுத்தியிருக்கிறது என்பதை வைத்து அவள் பிடி செதுக்குவாள். அலகு அடிப்பது புருஷன் ஜித்மான். பிடி முழுக்க அவளுடைய ராஜ்யம். கொம்பை அவன் தொட்டால் கையில் அடிப்பாள்.

விறகு வெட்டுகிறவன் பிடியின் கடைசியில் தளர்வாகப் பிடிப்பான். கறி நறுக்குகிறவன் முன்னால் நகர்ந்து, கட்டைவிரலைப் பூண் மேல் சாய்த்துக்கொள்வான். கடா வெட்டுகிறவன் கதை வேறு. பிடியின் நடுவில் ஓடும் வளையம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் உட்கார வேண்டும். பிடியின் அடி அகன்று விரிந்திருப்பதில் சுண்டுவிரல் கொக்கி போட்டு நிற்க வேண்டும். வீச்சு தோளிலிருந்து வந்தாலும் குக்ரியைக் கையில் நிறுத்தி வைப்பது அந்தச் சுண்டுவிரல்தான். இதை யாரும் நம்ப மாட்டார்கள். சுண்டுவிரலில் காயம் பட்ட அன்று நம்புவார்கள்.

சாயங்காலம் இலையைப் பிரித்துப் பார்த்தாள். ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன. அதுதான் சரியில்லை. தேவ்கியின் புருஷன் டம்பர் பஸ்னேத் ஊரை விட்டுப் போகும் முன் அவனுக்கு ஒரு விறகுக் குக்ரி செய்து கொடுத்திருக்கிறாள். அவன் நடுவிரல் கொஞ்சம் கோணல், எருமைக் கயிறு இழுத்து வளைந்தது. இதில் நடுவிரல் நேராக இருந்தது. விரல்களும் ஒல்லி. மாவின் ஓரத்தில், மணிக்கட்டு படும் இடத்தில், மெல்லிசாக இரண்டு வளைவுக் கோடுகள்.

"அடிப்பாவி, வளையல்!" என்றாள் சுக்மாயா.

ஜித்மான் துருத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "என்ன?"

"இது டம்பர் கையில்ல. பொண்டாட்டி கை."

"யார் கையா இருந்தா நமக்கென்ன? குடுத்த மாவுக்குச் செஞ்சு குடு. வெட்டுறது அவங்க பாடு."

"உங்க அப்பாவும் அப்படித்தானே நெனச்சாரு?"

அவன் துருத்திப் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவமியன்று, வேறொரு வீட்டுக்காரன் கையில் பிடி சுழன்று, கடாவுக்கு மூன்று வெட்டு விழுந்தது. ஒரே வெட்டில் தலை போகாவிட்டால் அந்த வருஷத்துக்குள் அந்த வீட்டில் ஒரு சாவு என்பது ஊர் நம்பிக்கை. தை மாதக் குளிரில் அந்த வீட்டுக் கிழவர் கண்ணை மூடினார். எண்பது வயசுக் கிழவர், எப்படியும் போகிறவர்தான். ஆனாலும் காமி செய்த பிடிதான் கொன்றது என்று ஜித்மானின் அப்பாவைப் பட்டறையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். மனுஷர் தெற்கே சமவெளிக்குப் போனவர் திரும்பவேயில்லை. பல வருஷம் கழித்துத்தான் இந்தப் பட்டறையில் மறுபடியும் நெருப்பு எரிந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தாரையில் காத்திருந்தாள். பெரிய வீட்டுப் பெண்கள் பிடித்து முடிக்கும்வரை காமிப் பெண்கள் மேட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு, வேண்டுமென்றே கடைசியாக வந்தவள் போலத் தேவ்கி வந்தாள். மாவு காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"தாயி, உங்க கை ரொம்ப அழகா இருக்கு. அதுல கெடா வெட்டப் போறது நீங்களா?"

தேவ்கியின் குடம் கல்லில் இடித்தது. "கத்தாத."

"கத்தல. கேக்குறேன்."

"உன் புருஷனத் தவிர வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பகவதி மேல சத்தியம் பண்ணு."

"எங்கள உள்ளயே விடாத பகவதி மேலயா? சரி, பண்ணுறேன். சொல்லுங்க."

தேவ்கி குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். மலேசியாவில் டம்பருக்கு மேசை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அறுக்கிற மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. சுண்டுவிரல், மோதிர விரல் இரண்டும் இல்லை. ஆறு மாசம் ஆகிறது. சூடு பட்டது என்று அம்மாவிடம் சொல்லித் துணி சுற்றிக்கொண்டு, இடது கையில் கரண்டியால் சாப்பிடுகிறான். வெளிநாட்டுத் திமிர் என்று மாமியார் திட்டுகிறாள்.

"மாமனார் செத்தப்ப இவரால வர முடியல. கொள்ளி வெச்சது எங்க தூரத்துச் சொந்தம் கமான்சிங். போன வருஷம் எங்களுக்குத் தீட்டு, கெடா வெட்டுனதும் கமான்சிங்தான். ஒரே வெட்டு. இந்த வருஷமும் என் கையிலதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறார். வெரல் இல்லைன்னு தெரிஞ்சா இவரப் பலிக்கம்பத்துக்குப் பக்கத்துலயே விட மாட்டாங்க. எங்க வீட்டு உரிமை அப்படியே போயிடும். அத்தை வருஷம் பூரா சொல்லிட்டே இருக்காங்க, கொள்ளிதான் வெக்கல, கெடாவாவது என் புள்ள வெட்டட்டும்னு."

"அவரு பழகிப் பாத்தாரா?"

"சோளக்காட்டுக்குப் பின்னால வாழத்தண்டுல வெட்டிப் பாத்தார். குக்ரி கையை விட்டுப் பறந்து போயி வேலியில குத்திக்கிட்டு நிக்குது." சொல்லும்போதே தேவ்கிக்கு அழுகை வந்துவிட்டது. "நல்ல பிடியா இருந்தா நிக்கும்னு நெனச்சுத்தான்..."

"அட மண்டு! உங்க கைக்குச் செஞ்ச பிடி அவர் கையில எப்படி நிக்கும்? வர்ற சனிக்கெழம ஊரே சந்தைக்குப் போயிரும். அவர அனுப்புங்க. கையோட அனுப்புங்க."

ஜித்மானிடம் சொன்னபோது சுத்தியலைக் கீழே போட்டான்.

"உனக்குப் பைத்தியமா? ரெண்டு வெரல் இல்லாதவன் வெட்டி, அது நழுவி, நாள பின்ன அவன் அம்மாக் கெழவி செத்தா, யாரத் தேடி வருவாங்க?"

"செய்யாம விட்டாலும் வருவாங்க. வளையல் கைக்குச் செஞ்சு குடுத்தா கட்டாயம் பறக்கும். செஞ்சது யாருன்னு ஊருக்கே தெரியும். அதுக்கு இது மேலு."

"முடியாதுன்னு சொல்லிடு."

"எதுக்கு முடியாதுன்னு சொல்லணும்? கொம்பு இல்லியா, அரக்கு இல்லியா? உப்புப் போட்டுக் களி திங்கிறவ நானு. எனக்கும் ரோசம் இருக்கு."

சனிக்கிழமை மதியம் டம்பர் வந்தான். வெயில் அடித்தது. பட்டறைக்கு வெளியே, புளிக்கவைத்துக் காயப்போட்டிருந்த குந்த்ருக் கீரைக்குப் பக்கத்தில் நின்றான். முப்பத்து நாலு வயசுக்கு முகம் மூத்திருந்தது. துணியை அவிழ்த்தான். சுக்மாயா முகத்தை அசைக்கவில்லை. மாவை இலையில் வைத்துத் தள்ளினாள். அவன் பிடித்து இறுக்கினான். கட்டைவிரல், ஆள்காட்டி, அந்தக் கோணல் நடுவிரல். அதற்குக் கீழே வழவழவென்று ஒரு மேடு.

"ஏன் எசமான் இத்தன பிடிவாதம்? கமான்சிங் வெட்டிட்டுப் போகட்டுமே."

"மெஷின் ரெண்டு வெரலத்தான் எடுத்துச்சு. மிச்சத்த ஊரு எடுத்துக்கிட்டா நான் எங்க போவேன்?" என்றான் டம்பர். அவள் மாவை இலையோடு எடுத்து வைத்தாள்.

முதல் பிடியில் வளையத்தை முன்னால் தள்ளி நடுவிரலுக்குப் பின்னால் வைத்தாள். அவளே இரண்டு விரலை மடக்கிக்கொண்டு வாழைத்தண்டில் வெட்டிப் பார்த்தபோது குக்ரி சுழன்று தட்டையாக விழுந்தது. பிடி உருண்டையாக இருந்ததுதான் குற்றம். ஐந்து விரல் இறுக்கினால் உருண்டை நிற்கும், மூன்றுக்கு நிற்காது. இரண்டாவது பிடியை முட்டை வாகில் ஒரு பக்கம் ஒடுக்கிச் செதுக்கினாள். அடியை வளைத்து நீட்டி, விரல் இல்லாத மேட்டின் மேல் வந்து கொக்கி போல உட்காரும்படி விட்டாள். செத்த சதைதானே, நன்றாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். அது அவள் செய்த தப்பு.

அடுத்த சந்தை நாளில் டம்பர் மறுபடியும் வந்தான். அலகின் வாலைக் காய்ச்சி, அரக்கு ஊற்றிய துளையில் இறக்கி, ஆறவைத்துக் கொடுத்தாள். வாழைத்தண்டில் ஓங்கி இறக்கினான். பாதி வரை போனது. அவன் கை விரிந்தது. குக்ரி தண்டிலேயே நின்றது.

"நழுவுது," என்றான்.

"நழுவல. இன்னொருக்கா வெட்டுங்க."

வெட்டினான். இந்த முறை அவள் குக்ரியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களாத்தான் விடுறீங்க. வலிக்குதா?"

"இல்ல."

"எசமான், நான் பிடி செய்யுறவ. என்கிட்டப் பொய் சொன்னா கெடா மூணு துண்டாகும். வலிக்குதா, இல்லியா?"

சுக்மாயா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கையக் குடுங்க. மாவு அளவு சொல்லும், வலியச் சொல்லாது."

உள்ளே ஜித்மானின் சுத்தியல் நின்றது. "ஏய், வேணாம்டீ," என்றான் அவன், அடிக்குரலில்.

டம்பர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "தீட்டுக்காக இல்ல. அங்க ஒரே தட்டுல எல்லாரும்தான் தின்னோம். இது... பாக்க நல்லாருக்காது."

"எருமக் கொம்ப வேகவெச்சு உள்ள இருக்கறத உரிக்கிறவ நானு. எனக்கு நல்லாருக்கறதப் பத்திச் சொல்ல வந்துட்டீங்க. குடுங்க."

கொடுத்தான். கை சூடாக இருந்தது. கொம்பில் விரிசல் தேடுவது போலக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனாள். உள்ளங்கை ஒன்றும் செய்யவில்லை. மோதிர விரல் இருந்த இடம், ஒன்றுமில்லை. சுண்டுவிரலின் அடியில் ஒரு சோள மணி அளவு இடம். அங்கே தொட்டதும் அவன் மூச்சு அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது.

"இங்கயா?"

"ம். இல்லாத வெரலோட நகம் எரியுது, சுக்மாயா. யார்கிட்டச் சொல்றது இத? வெரலே இல்ல, நகம் எரியுதுன்னா சிரிப்பாங்க. தேவ்கிகிட்டச் சொன்னா அழுவா. இத்தன நாள்ல யாரும் கேக்கவும் இல்ல."

"ஆஸ்பத்திரியில?"

"தச்சாங்க. அனுப்பிட்டாங்க."

அவள் கையை விடாமல், அவனைக் குக்ரியைப் பிடிக்கச் சொல்லி, அதன் மேல் தன் கையை வைத்து மெதுவாக வீசச் சொன்னாள். பலம் எங்கே கூடுகிறது, எங்கே பயப்படுகிறது என்று பார்த்தாள். அலகு வெட்டுப்படும் முன்பே அந்தக் கை பயந்து திறந்துகொண்டது. பாவம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. சுக்மாயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் அழகான கொக்கி சரியாக அந்தச் சோள மணி மேல் போய் இடித்திருக்கிறது. பட்ட கையையே மறுபடி அடித்திருக்கிறாள்.

அவன் போன பிறகு ஜித்மான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "தொட்டுட்ட. கோட்டையில பூசை பண்ணப் போற கையத் தொட்டுட்ட."

"தொட்டதாலதான் தெரிஞ்சுது. போயி அரக்கக் காய்ச்சு."

மூன்றாவது பிடிக்கு நாலு நாள் பிடித்தது. வலிக்கிற இடத்தில் எதுவுமே படாதபடி ஒரு பள்ளம் குடைந்தாள். அடியின் கொக்கியை அதையும் தாண்டி மணிக்கட்டுப் பக்கம் இறக்கினாள். கட்டைவிரலுக்கு ஒரு படி வெட்டினாள். பார்ப்பதற்கு யாரோ மென்று துப்பியது போல இருந்தது. ஐந்து விரல்காரன் பிடித்தால் எங்கேயும் உட்காராது. டம்பர் பிடித்ததும் அடங்கியது. ஐந்து வாழைத்தண்டு வெட்டினான். நாலு ஒரே வீச்சில் விழுந்தன. ஒன்றில் கை பழைய பயத்தில் திறந்துகொண்டது.

"அஞ்சுக்கு நாலு," என்றான் டம்பர்.

"கெடா ஒண்ணுதான்," என்றாள் சுக்மாயா. அது ஆறுதலா, மிரட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை.

நவமியன்று வானம் கழுவிவிட்டது போல இருந்தது. பகவதி கோட்டையின் மதிலுக்குக் கீழே காமிகளும் உள்ளே விடப்படாத மற்றவர்களும் நிற்கிற இடத்தில் சுக்மாயாவும் ஜித்மானும் நின்றார்கள். அங்கிருந்து பலிக்கம்பம் தெரியாது. மேளம் மட்டும் கேட்கும். வெட்டுக்கு முன் மேளம் நிற்கும். ஒரே வெட்டில் தலை விழுந்தால் அடுத்த நொடியே கொட்டு முழங்கும். விழாவிட்டால் மேளக்காரன் கையைத் தூக்க மாட்டான்.

"இப்பவே போயிரலாமா?" என்றான் ஜித்மான்.

"கொட்டு கேக்கட்டும்."

மேளம் நின்றது. மதிலுக்கு மேலே சத்தமே இல்லை. ஒரு கனத்த ஓசை கேட்டது. கொட்டு இரண்டு அடி விழுந்தது. உடனே ஒரு பெண்ணின் அலறல், வயிற்றிலிருந்து எழுந்த அலறல். கொட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

"போச்சு! வா, ஓடிரலாம்!" ஜித்மான் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "எங்கப்பன் கதிதான். வாடீ!"

சுக்மாயாவால் நகர முடியவில்லை. இங்கிருந்து ஓடினால் குற்றம் செய்தவள் ஆகிவிடுவாள். நின்றால் அடி. கொம்பை இன்னும் அரை விரல் குடைந்திருக்கலாமோ என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தாள்.

தேவ்கி படிகளில் தாவி இறங்கி வந்தாள். குங்குமம் கலைந்து, முக்காடு தோளில் கிடந்தது. "ஒரே வெட்டு! சுக்மாயா, ஒரே வெட்டு!"

"அப்ப அலறுனது?"

"வெட்டுற நேரத்துலதான் துணிய அவுத்தார், யாரும் கவனிக்கல. வெட்டி முடிச்சுக் கையத் தூக்குனார். அத்தை பாத்துட்டாங்க." மூச்சு வாங்கினாள். "கமான்சிங் குக்ரியப் பிடுங்கிப் பாத்து, இது என்ன பிடி, எவன் செஞ்சான்னு கேட்டார். இவர் மறைக்கல. என் கையப் புடிச்சுப் பாத்து சுக்மாயா செஞ்சதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார். பூசாரி ஒண்ணும் பேசல. அத்தை எந்திரிச்சு வர்றாங்க, இங்கதான் வர்றாங்க!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் நந்தகலி படியில் தெரிந்தாள். டம்பரின் அம்மா. அறுபத்தைந்து வயசு, வீட்டு முற்றத்தில் காமியின் நிழல் விழுந்தாலும் தண்ணீர் தெளிக்கிறவள். வெள்ளைச் சேலை தரையில் இழுபட, பின்னால் கூட்டம் வர, யார் பிடித்தும் நிற்காமல் இறங்கினாள். ஜித்மான் முன்னால் போய்க் கைகூப்பினான்.

"எசமானியம்மா, தெரியாமச் செஞ்சுட்டா, பிடி வேலைக்காகத்தான் தொட்டா..."

"தள்ளுடா," என்றாள் கிழவி.

சுக்மாயாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். வாய் கோணியது.

"ஒரு மாசமாச் சோறு போடுறேன். கரண்டியில திங்கிறான்னு திட்டுனேன். பெத்தவ நானு, எனக்குத் தெரியல." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "நீதான் புடிச்சுப் பாத்தவ. அவனக் கேட்டா ஒண்ணுமில்லம்மான்னுதான் சொல்லுவான், அவங்கப்பன் மாதிரி. நீ சொல்லு. வலிக்குதா அவனுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜித்மான் அவளை அப்படித்தான் பார்த்தான்.

"வலிக்குது எசமானியம்மா."

"எங்க?"

"சுண்டுவெரலுக்கு அடியில. இல்லாத வெரல்லயும் வலிக்குது. நகம் எரியுதாம்."

நந்தகலி தன் வலது கையை நீட்டினாள். "காட்டு."

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சுக்மாயா அந்தக் கையைப் பிடித்தாள். வயசான, தோல் சுருங்கிய கை. சுண்டுவிரலின் அடியில் அந்த இடத்தைத் தேடி, கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். "இங்க."

கிழவி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவுதானா?" என்றாள். "அவனுக்கு வலிக்கிற அளவுக்கு அழுத்து."

சுக்மாயா அழுத்தினாள்.